காற்றுக்கு ஒரு வழி, கைதிக்கு ஒரு வழி: அலெகேனி கவுன்டி நீதிமன்றத்தின் கதை

1882 மே 7-ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரின் நீதிமன்றம் தீப்பிடித்து எரிந்தது. ஜான் சிஸ்லெட் வடிவமைத்து 1840-களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் அது. கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண் வரிசையும் குவிமாடமும் கொண்டு, மேடான கிராண்ட் குன்றின் மேல் நின்றது. ஆனால் தீ வருவதற்கு வெகு முன்பே அது அழியத் தொடங்கிவிட்டது. சுவர்களும் தூண்களும் உள்ளூர் மணற்கல்லால் ஆனவை. ஊரைச் சுற்றி எரிந்த நிலக்கரியின் புகை அந்தக் கல்லை அரித்தது. செதுக்கிய விளிம்புகள் பொரிந்து உதிர்ந்தன. இரும்பும் கண்ணாடியும் எஃகும் செய்து பணக்கார ஊராகிக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க்கில், பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய நாட்கள் இருந்தன.

எனவே, புதிய நீதிமன்றம் கட்ட வேண்டும் என்று கவுன்டி ஆணையர்கள் முடிவெடுத்தபோது அவர்கள் முன் இருந்த கேள்வி அழகைப் பற்றியது மட்டுமாக இருக்க முடியாது. இந்தக் காற்றில் எந்தக் கல் நிற்கும்? இந்த இருட்டில் நீதிபதி எப்படிப் படிப்பார்? சன்னலைத் திறந்தால் கரி, மூடினால் மூச்சு முட்டல் என்ற ஊரில் ஒரு நீதிமன்ற அறையில் நூறு பேர் எப்படி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்தான் இன்றும் கிராண்ட் தெருவில் நிற்கும் அலெகேனி கவுன்டி நீதிமன்றம். கட்டடக்கலை நூல்கள் அதன் பாணியைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன: கனத்த வளைவுகள், முரட்டுக் கல் முகப்பு, இடைக்கால ஐரோப்பாவை நினைவூட்டும் கோபுரம். பேச வேண்டியவைதான். என்றாலும் ஒரு நீதிமன்றத்தை அதன் வழிகளைக் கொண்டு படிப்பதே சரி என்பது என் எண்ணம். காற்று எந்த வழியாக வருகிறது, வெளிச்சம் எப்படி நுழைகிறது, கைதியை எப்படிக் கொண்டுவருகிறார்கள், வழக்குக்கு வந்தவர் எந்த வாசலில் நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால், கட்டியவர்களின் நீதி உணர்வும் பின்னால் வந்தவர்களின் அலட்சியமும் கல்லிலேயே எழுதியிருப்பது தெரியும்.

அமெரிக்காவில் கவுன்டி நீதிமன்றம் என்பது வழக்கு நடக்கும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. நிலப் பத்திரங்கள், உயில்கள், திருமண உரிமங்கள், வரிக் கணக்கு, தேர்தல் ஏற்பாடு என எல்லாம் அங்கேதான். நம் ஊரில் மாவட்ட நீதிமன்றத்தையும் ஆட்சியர் அலுவலகத்தையும் பதிவாளர் அலுவலகத்தையும் ஒரே கூரைக்குள் வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. அதனால் அதை எரியவிட்டுவிட்டு அதிக நாள் சும்மா இருக்க முடியாது. 1883-இல் ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி நடத்தினார்கள். 1884 தொடக்கத்தில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் தேர்வானார்.

ரிச்சர்ட்சன் 1838-இல் லூசியானாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, பிறகு பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் தே போஸார் கலைப் பள்ளியில் கட்டடக்கலை பயின்றார். அங்கே அக்கலையைப் படித்த இரண்டாவது அமெரிக்கர் அவர். பாஸ்டன் நகரின் டிரினிட்டி தேவாலயம் 1877-இல் முடிந்ததும் நாடறிந்த பெயரானார். 1885-இல் ஒரு கட்டடக்கலை இதழ் நாட்டின் மிகச் சிறந்த பத்துக் கட்டடங்கள் எவை என்று அத்துறையினரிடம் கேட்டபோது, பத்தில் ஐந்து அவருடையவை. வட்ட வளைவும் தடித்த கல்லும் கொண்ட அவருடைய பாணி அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. இன்னொரு செய்தியும் உண்டு. ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியின் கொள்ளுப்பேரன் அவர். பிரீஸ்ட்லி தம் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இதே பென்சில்வேனியாவில்தான். காற்றை ஆராய்ந்தவரின் வழியில் வந்த ஒருவர், நாட்டிலேயே மிக அழுக்கான காற்று வீசிய ஊரில், காற்றை மையமாக வைத்து ஒரு கட்டடம் வரைந்தார் என்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்குச் சொல்லாமல் விட மனமில்லை.

முதலில் கல். ரிச்சர்ட்சன் கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டு பகுதியில் கிடைக்கும், லேசான இளஞ்சிவப்பு ஓடும் கல் அது. பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டும் பொறுப்பை ஏற்ற நார்கிராஸ் சகோதரர்கள் டிரினிட்டி தேவாலயத்தையும் கட்டியவர்கள், ரிச்சர்ட்சனின் நம்பிக்கைக்குரியவர்கள். சுவரின் வெளிமுகத்தை இழைத்து வழுவழுப்பாக்கவில்லை. குவாரியில் பிளந்த வாக்கிலேயே கரடுமுரடாக விட்டார்கள். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மெல்லிய செதுக்கு வேலையைப் புகை மூன்றே பத்தாண்டுகளில் மழுங்கடிக்கும் என்பதைப் பழைய கட்டடம் காட்டிவிட்டது. முரட்டு முகத்தில் கரி படிந்தால் கல் கறுக்கும், வடிவம் கெடாது. பிற்காலத்தில் இந்தக் கட்டடம் அட்டக்கரியாக நின்ற பழைய புகைப்படங்களைப் பாருங்கள்: நிறம் போயிருக்கிறது, வளைவும் நிழலும் அப்படியே இருக்கின்றன.

அடுத்தது காற்று. முகப்பின் நடுவில், கூரைக்கு மேலும் ஐந்து மாடி எழும் பெரிய கோபுரம் பார்க்க வெறும் கம்பீரத்துக்காக நிற்பது போலிருக்கும். அதற்கு ஒரு வேலை இருந்தது. புகை மண்டலம் தெருவோரம் அடர்ந்தும் உயரத்தில் சற்று மெலிந்தும் இருக்கும் என்பதால், கோபுரத்தின் உச்சியில் காற்றை உள்வாங்கி, கீழே இறக்கி, குழாய்வழிகள் மூலம் அறைகளுக்கு அனுப்பினார்கள். அறைகளில் கெட்டுப்போன காற்று கட்டடத்தின் பின்புறம் உள்ள இரு சிறு கோபுரங்கள் வழியே வெளியேறியது. கட்டடமே ஒரு நெஞ்சுக்கூடு போல மேலிருந்து மூச்சிழுத்து பின்னால் விட்டது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு மூன்று கோபுரங்களும் அழகுக் கோவை. உள்ளே வேலை செய்தவருக்கு அவை உயிர் காக்கும் வழிகள். பயனையும் வடிவத்தையும் ஒன்றாக நினைக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் முழங்கியதை இவர் சத்தமில்லாமல் செய்துவிட்டார்.

வெளிச்சத்துக்கு முற்றம். நான்கு மாடிக் கட்டடம் நாற்புறமும் சூழ, நடுவில் வானம் பார்த்த பெரிய வெளி. நம் வீடுகளில் முற்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை நடுவில் குவிமாடம் ஏற்றி, அதைச் சுற்றி இருட்டு நடைகளை விட்டவை. ரிச்சர்ட்சன் குவிமாடத்தை விட்டுவிட்டு நடுவைத் திறந்துவிட்டார். அதனால் அறைகளுக்குத் தெருப் பக்கமிருந்தும் முற்றத்துப் பக்கமிருந்தும் வெளிச்சம் கிடைத்தது. முற்றத்துச் சுவர்கள் கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி என்று பல அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவர்கள் கட்சிதான். தெருமுகப்பில் நகரத்துக்குக் காட்ட வேண்டிய மிடுக்கு இருக்கிறது. முற்றத்தில் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அலங்காரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. மாடிக்கு மாடி அளவு மாறும் வளைவுச் சன்னல்கள் வரிசை வரிசையாக ஓட, சுவர் தன் கனத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. உள்ளே, முதன்மைப் படிக்கட்டில் இதே மொழி இன்னும் நெருக்கமாகக் கேட்கும். வளைவு மேல் வளைவாக ஒன்றையொன்று தாங்கி ஏறும் அந்தப் படிக்கட்டில், அடுத்த வளைவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே மேலே போய்விடலாம். வழக்குக்காக வந்து பயந்துபோய் நிற்கும் ஒருவருக்கு அது மிரட்டலாகத் தோன்றுமா, தைரியம் தருமா என்று தெரியவில்லை. எனக்கு அது அரசாங்கத்தின் கர்வமாகத் தோன்றவில்லை. கற்கொத்தர்களின் கர்வமாகத் தோன்றுகிறது.

கைதியின் வழிதான் எல்லாவற்றிலும் கூர்மையாகச் சிந்திக்கப்பட்டது. நீதிமன்றத்தின் பின்னால் ராஸ் தெரு. தெருவுக்கு அப்பால் சிறை. இரண்டையும் ஒரே திட்டமாக வரைந்த ரிச்சர்ட்சன், தெருவின் மேலே ஒரு மூடிய கல் பாலம் போட்டார். வெனிஸ் நகரில் அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலத்தின் பெயரே இதற்கும் வந்தது. விசாரணைக்கு வரும் கைதி தெருவில் இறங்க வேண்டியதில்லை, கூட்டம் கூடிக் கல்லெறியவோ ஏசவோ வாய்ப்பில்லை, தப்பிக்கவும் வழியில்லை. காவலும் மானமும் ஒரே பாலத்தில் போயின.

சிறையைப் பற்றிச் சொல்லும்போது அதன் சுற்றுச்சுவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவோரமாக, நீளத்துக்கு, சன்னல் ஒன்றுமில்லாமல் ஓடும் அந்தச் சுவரின் கற்கள் அத்தனையும் பெரியவை. வாசல் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். தூணோ சிற்பமோ கிடையாது. சுவரின் கற்களே நீண்டு திரும்பி, விசிறி விரித்தாற்போல் வட்டமாகச் சேர்ந்து வாசலாகியிருக்கின்றன. கல்லை இதற்கு மேல் குறைவாகப் பேசவைக்க முடியாது. உள்ளே, நடுவில் எண்கோண மையமும் அதிலிருந்து கிளை பிரியும் அறை வரிசைகளுமாக, ஓரிடத்தில் நின்று எல்லாப் பக்கமும் பார்க்கும்படி அமைத்தார். 1829-இல் திறந்த ஃபிலடெல்ஃபியாவின் கிழக்கு மாநிலச் சிறையில் பெயர்பெற்ற முறை அது. கண்காணிப்பை எளிதாக்கும் அமைப்பு என்பதால், அழகைப் புகழும் அதே வாயால் இதைப் புகழ எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சுவர் நல்ல கட்டடக்கலை. அதற்குள் அடைபட்டவர்களுக்கு அது சுவர்தான்.

சிறை 1886-இல் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி, சிறுநீரக நோயால் நெடுநாள் வாடிய ரிச்சர்ட்சன் 47-ஆவது வயதில் இறந்தார். நீதிமன்றம் முழுதாக எழுவதை அவர் பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க் கட்டடத்தையும், சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு நிறுவனத்துக்காக வரைந்த மொத்த வணிகக் கட்டடத்தையும் வைத்துத் தம்மை எடைபோட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சிகாகோ கட்டடம் 1930-இல் இடிக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் வேலையை அவருடைய அலுவலகத்தின் வாரிசுகளான ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் மூவரும் 1888-இல் முடித்துக் கொடுத்தார்கள். செலவு சுமார் 25 லட்சம் டாலர். சில ஆண்டுகளிலேயே இதன் சாயல் வட அமெரிக்காவெங்கும் முளைத்தது. மினியாபொலிஸ் நகரின் மாநகராட்சி-நீதிமன்றக் கட்டடமும் டொரோண்டோவின் பழைய நகர மன்றமும் இதைப் பார்த்து எழுந்தவை. முற்றத்தையும் கோபுரத்தையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கோபுரம் மூச்சிழுக்கும் ரகசியத்தை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இனி, அந்த அறைகளில் நடந்தவை. திறந்து நான்கே ஆண்டுகளில், 1892-இல், கட்டடத்துக்குப் பெரிய சோதனை வந்தது. நகருக்கு அருகே ஹோம்ஸ்டெட்டில் தொழிலதிபர் கார்னெகியின் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநீக்கத்தையும் கூலிக்குறைப்பையும் எதிர்த்து நின்றார்கள். ஆலையின் தலைவர் ஹென்றி கிளே ஃபிரிக் வரவழைத்த பிங்கர்ட்டன் தனியார் காவலர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஜூலை 6-ஆம் தேதி ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை நடந்து இரு தரப்பிலும் பலர் இறந்தனர். ஜூலை 23-ஆம் தேதி, அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாத இளைஞர் ஃபிரிக்கை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டார். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் பெர்க்மன் இந்த நீதிமன்றத்தில் நின்றார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை. தம் விளக்கத்தை ஜெர்மன் மொழியில் எழுதிக் கொண்டுவந்து வாசிக்க, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். முழுவதையும் வாசிக்க நீதிபதி விடவில்லை. விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. 22 ஆண்டுச் சிறை. அதில் 14 ஆண்டுகள் அனுபவித்தார். அவர் சுட்டது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூச்சுவிட அத்தனை கணக்குப் போட்டுக் கட்டிய அறையில், குற்றம் சாட்டப்பட்டவர் தம் பேச்சை முடிக்க நேரம் கொடுக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டில் ஹோம்ஸ்டெட் தொழிலாளர் தலைவர்கள் மீது கொலை வழக்கும், மாநிலத் தலைமை நீதிபதி எட்வர்ட் பாக்சனே முன்னின்று தூண்டிய அரசுத் துரோகக் குற்றச்சாட்டும் வந்தன. கொலை வழக்கில் சில்வெஸ்டர் கிரிட்ச்லோ என்ற தொழிலாளியைப் பிட்ஸ்பர்க் ஜூரி விடுவித்தது. 1893-இல் தலைவர் ஹியூ ஓடானலும் விடுதலையானார். துரோக வழக்குகள் அப்படியே கைவிடப்பட்டன. ஆலைக்கும் அரசுக்கும் எதிராக, ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்னார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டடத்தை நினைக்க வேண்டும்.

1902-இல் சிறைச் சுவருக்கும் சோதனை வந்தது. மரண தண்டனை பெற்ற எட், ஜாக் பிடில் சகோதரர்கள் ஜனவரி 30 அதிகாலையில் தப்பினார்கள். கம்பி அறுக்க ரம்பம் கொடுத்தவர் சிறை அதிகாரியின் மனைவி கேட் சோஃபல். அவர்களோடு அவரும் போய்விட்டார். மறுநாள் பனிச்சாலையில் பிடிபட்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று சகோதரர்கள் இறந்தனர். கேட் பிழைத்துச் சிறை சென்றார். நாடகமும் 1984-இல் ஒரு திரைப்படமும் இதிலிருந்து பிறந்தன. பெரிய கல் எதையும் தடுத்துவிடாது என்பதைத் தவிர இக்கதை கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

அதே 1902-இல்தான், கிராண்ட் தெருவின் எதிர்ப்புறம் ஃபிரிக் தம் பெயரில் இருபது மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். வரைந்தவர் சிகாகோவின் டேனியல் பர்னம். ஊரின் எல்லாப் பக்கமிருந்தும் தெரிந்த நீதிமன்றக் கோபுரத்துக்குப் போட்டி வந்துவிட்டது. பெர்க்மனுக்குத் தண்டனை கிடைத்த கட்டடத்தை நேராகப் பார்த்தபடி, சுடப்பட்டவரின் கோபுரம்.

ஆனால் நீதிமன்றத்தை உண்மையில் காயப்படுத்தியது வானத்தை மறைத்த கட்டடம் அல்ல, தரையைத் தோண்டிய நகராட்சி. கிராண்ட் குன்று வண்டிப் போக்குவரத்துக்கும் வியாபாரத்துக்கும் இடைஞ்சல் என்று பல முறை வெட்டித் தாழ்த்தினார்கள். 1912-இல் தொடங்கிய கடைசி வெட்டு, சில இடங்களில் 16 அடி வரை தெருவை இறக்கியது. நீதிமன்றத்தின் நிலவறை வெளியே தெரிந்தது. ரிச்சர்ட்சனின் பெரிய வளைவு வாசல்கள் அந்தரத்தில் நின்றன. முதலில் நீண்ட படிக்கட்டு ஒன்றைக் கட்டி ஒப்பேற்றினார்கள். 1920-களில் தெருவை அகலப்படுத்தியபோது அந்தப் படிக்கட்டையும் எடுத்துவிட்டு, நிலவறைச் சுவரில் கதவு வைத்தார்கள். அன்றிலிருந்து மக்கள் தாழ்ந்த கூரையும் பருத்த தாங்குதூண்களும் உள்ள, ஒருபோதும் வரவேற்பதற்காக வரையப்படாத ஒரு தளத்தின் வழியே நுழைகிறார்கள். அந்தப் பத்தாண்டில் சிறையை இடித்து அலுவலகம் கட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. நல்ல வேளை, பேச்சோடு போயிற்று. முற்றத்தையும் விட்டுவைக்கவில்லை: பல ஆண்டுகள் அது கார் நிறுத்துமிடம். 1970-களில்தான் காரை வெளியேற்றி நீரூற்றும் மரங்களும் வைத்தார்கள். 1976-இல் நீதிமன்றமும் சிறையும் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. 1995-இல் கைதிகள் ஆற்றங்கரையில் கட்டிய புதுச் சிறைக்குப் போனார்கள். பழைய சிறை 2000-இல் குடும்ப நீதிமன்றமாக மாறியது. விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம் எல்லாம் இப்போது அந்தச் சுவருக்குள் நடக்கின்றன. ஒரு பகுதிச் சிறையறைகளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இழந்த படிக்கட்டை மீண்டும் கட்ட வேண்டும் என்று கட்டடக்கலை அன்பர்கள் விரும்புவது நியாயமே. வரைபடத்தில் அந்த வாசலைப் பார்த்தவர் யாரும் அதை விரும்பாமல் இருக்க முடியாது. ஆனால் நான் வேறொரு கவுன்டி நீதிமன்றத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். டென்னசி மாநிலத்தின் போல்க் கவுன்டியில், நடக்க முடியாத ஒருவர், மின்தூக்கி இல்லாத நீதிமன்றத்தின் மாடிக்குத் தம் வழக்குக்காகத் தவழ்ந்து ஏறினார். அடுத்த முறை அப்படி ஏற மறுத்தபோது, ஆஜராகவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் முடிந்தது: நீதிமன்றத்துக்குள் வர முடியாமல் தடுப்பதற்கு எதிராக மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுக்கலாம் என்றது தீர்ப்பு. நகராட்சி அவசரத்தில் உடைத்து வைத்த பிட்ஸ்பர்க்கின் நிலவறைக் கதவு தெருமட்டத்தில் இருக்கிறது. மேல் வாசலை மீட்கும் நாள் வந்தால் மீட்கட்டும். கீழே உள்ள கதவை மட்டும் மூடிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த கூடத்துக்கு நல்ல விளக்கும், உட்கார இருக்கைகளும், படிக்கட்டையும் மின்தூக்கியையும் ஒருங்கே காட்டும் ஒரு வழியும் கொடுத்தால், ரிச்சர்ட்சன் வரையாத அந்த வாசலும் அவர் கட்டடத்துக்குப் பொருத்தமாகிவிடும்.